கிராமபோன் குழாயின் கணக்கு

கிராமபோனில் ஒலியைப் பெருக்கும் கருவி என்று எதுவும் கிடையாது. வால்வு இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை, மின்சாரமே இல்லை. சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகும். அது தட்டைச் சுழற்றும். தட்டில் வெட்டியிருக்கும் பள்ளம் இடமும் வலமுமாக நெளிந்து முள்ளை ஆட்டும், முள் ஒரு மெல்லிய தகட்டை ஆட்டும், தகடு காற்றை ஆட்டும். அவ்வளவுதான். ஒரு கூடம் முழுக்கக் கேட்கும் பாட்டுக்கு வேண்டிய ஆற்றல் மொத்தமும் சுமார் 0.15 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஆகவே அந்தக் காலத்தில் ஒலித்தரத்தைக் கூட்டுவது என்றால் ஒரே வேலைதான்: வருகிற ஆற்றலை வழியில் சிந்தவிடாமல், எந்தச் சுருதிக்கும் ஓரவஞ்சனை காட்டாமல், காற்றிடம் கொண்டுபோய் ஒப்படைப்பது. சொல்வதற்கு ஒரு வரி போதும். செய்து முடிக்கக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஆயிற்று. கடைசியில் முடித்துவைத்தவர்கள் இசைக்கருவி செய்பவர்கள்கூட இல்லை, டெலிபோன்காரர்கள்.

எடிசன் 1877-ல் உருளையின் மேல் வெள்ளீயத் தாளைச் சுற்றித்தான் குரலைப் பதித்தார். சில தடவை ஓட்டினாலே அந்தத் தாள் பாழாகிவிடும். வாஷிங்டனில் வோல்டா ஆய்வுக்கூடத்தில் சிச்செஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் டெயின்டரும் மெழுகில் வெட்டிப் பார்த்தார்கள், தெளிவு கூடியது. 1887-ல் எமில் பெர்லினர் உருளையை விட்டுத் தட்டையான வட்டுக்கு வந்தார். வட்டு ஜெயித்ததற்கு முதல் காரணம் ஒலி அல்ல. ஒரு அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம் என்பதே காரணம்.

பெர்லினரின் முதல் கருவிகளைக் கையால் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் பாடகரின் சுருதி இறங்கும். நீட்டிப் பிடித்த ஒரு பியானோ சுரத்தில் வேகம் ஒரு சதவீதம் ஆடினாலே காது கண்டுபிடித்துவிடும். நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896-ல் சுருள்வில் மோட்டாரைச் செய்து கொடுத்தார். அதில் வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர் ஒன்று உண்டு. சுழலும் தண்டில் வளையும் பட்டைகள், அவற்றின் நடுவில் சிறு எடைகள். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரியும், ஒரு சிறு வட்டை இழுத்து தோல் அல்லது கம்பளித் துண்டின் மேல் உரசவைக்கும், வேகம் அடங்கும். கிராமபோனின் ஒலித்தரத்தில் நடந்த முதல் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பேன். ஆனால் இதை ஒலியோடு சேர்த்துப் பேசுபவர்கள் குறைவு.

அப்புறம் முள். இசைத்தட்டை அரக்கால் செய்தார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அரக்கு அதில் பசை மட்டுமே. தட்டின் பெரும்பகுதி கல்தூள், அதோடு கருமைக்குக் கரிப்பொடி. அரக்கில் பெரும்பங்கு சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி விட்டுச் செல்வது. உலகம் முழுக்க ஓடிய தட்டுகளுக்கு இந்தியாவிலிருந்துதான் அது கப்பலேறியது. கல்கத்தாவின் சியால்டாவில் 1908-லேயே கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை வந்துவிட்டது.

கல்தூளைச் சும்மா சேர்க்கவில்லை. முள்ளும் தகடும் பொருந்திய சிறு பெட்டியான சவுண்ட் பாக்ஸும் அதைத் தாங்கும் கையும் சேர்ந்து முள் நுனியில் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். அந்த எடைக்கு ஈடுகொடுக்க ஒன்று தேய்ந்தே ஆக வேண்டும். தேய்வது தட்டாக இருக்கக்கூடாது, மலிவான எஃகு முள்ளாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். தட்டு ஓடத் தொடங்கிய முதல் சில சுற்றுகளிலேயே கல்தூள் முள்ளின் நுனியை அரைத்துப் பள்ளத்தின் வடிவத்துக்குச் சரியாகப் பொருத்திவிடும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்ற கணக்கு. தேய்ந்த முள்ளையே மறுபடி போட்டால் அதன் கூரான ஓரம் உளியாகிப் பள்ளத்தைச் செதுக்கும்.

இந்த ஏற்பாட்டின் விலை இரைச்சல். எல்லாப் பழைய பாட்டின் பின்னாலும் கேட்கும் அந்த ‘உஸ்ஸ்’ பெரும்பாலும் கல்தூளில் முள் உரசும் சத்தம். 1920-களின் தொடக்கத்தில் கொலம்பியா கம்பெனி உள்ளே முரட்டுக் கலவை, மேல்பரப்பில் மட்டும் நயமான அரக்கு என்று அடுக்குத் தட்டு செய்து இதைக் குறைத்தது. சிலர் மூங்கில் முள்ளுக்குப் போனார்கள். மூங்கில் மெத்தென்று இருப்பதால் இரைச்சல் தணியும், தட்டும் தேயாது. ஆனால் வேகமான நெளிவுகளை அது தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டுவிடும், தகட்டுக்கு அனுப்பாது. இரைச்சலோடு வயலினின் மினுக்கமும் போய்விடும். எஃகு முள்ளிலேயே தடித்தது, மெலிந்தது என்று வகைகள் உண்டு. மெலிந்தது கொஞ்சம் வளைந்துகொடுப்பதால் ஓசை குறையும். வால்யூம் குமிழ் இல்லாத கருவியில் அதுதான் வால்யூம் குமிழ்.

இனி குழாய். இதைப் பற்றித்தான் மிகப் பெரிய தவறான எண்ணம் நிலவுகிறது. குழாய் ஒலியைப் பெருக்குவதில்லை. இல்லாத ஆற்றலை அது எங்கிருந்து கொண்டுவரும்? பனையோலை விசிறியை எடுத்துக் காம்பைப் பிடித்து வீசிப் பாருங்கள், பிறகு அதையே தலைகீழாகப் பிடித்துக் காம்பால் வீசிப் பாருங்கள். கை ஒன்றுதான், பலம் ஒன்றுதான். ஓலை காற்றைப் பிடிக்கிறது, காம்பு காற்றுக்குள் நழுவிப் போகிறது. கிராமபோனின் தகடு ஐந்து சென்டிமீட்டர் அகலம்தான். வேகமாக ஆடும்போது அது காற்றை ஓரளவு பிடிக்கும். மெதுவாக, அதாவது கீழ்ச்சுருதியில் ஆடும்போது முன்னால் இருக்கும் காற்று அமுங்காமல் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். தகடு சும்மா ஆடிக்கொண்டிருக்கும், ஆற்றல் வெளியே போகாது. குழாயின் குறுகிய தொண்டை அந்தக் காற்றை ஒதுங்கவிடாமல் அடைத்துப் பிடிக்கிறது. தகடு தள்ளுவதற்கு எதிரே ஒரு பிடிமானம் கிடைக்கிறது. பிறகு அந்த அழுத்த அலையைப் படிப்படியாக அகலமாக்கி அறைக் காற்றிடம் சேர்க்கிறது.

எவ்வளவு படிப்படியாக என்பதில்தான் சூட்சுமம். பூ மாதிரி விரிந்த அழகான பழைய குழாய்கள் பெரும்பாலும் கண்ணுக்காகச் செய்தவை. கூம்புக் குழாய் தொண்டைக்குப் பக்கத்திலேயே சட்டென்று விரிந்துவிடுவதால் கீழ்ச்சுருதிக்குப் பிடிமானம் தராது. அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919-ல் குழாய்க்குள் ஒலி போகும் விதத்துக்குச் சமன்பாடு எழுதினார். 1924-ல் ஹன்னா, ஸ்லெப்பியன் என்ற இரு பொறியாளர்கள் அடுக்குக்குறி வடிவமே மேல் என்று காட்டினார்கள். அதாவது குழாயின் குறுக்குப் பரப்பு சம தூரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக வேண்டும்.

கணக்குப் போட்டால் வேடிக்கை புரியும். 100 ஹெர்ட்ஸ் வரை கீழே கேட்க வேண்டுமானால் பரப்பு 19 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இரட்டிக்கலாம், அதைவிட வேகமாகக் கூடாது. வாயும் பெரிதாக இருக்க வேண்டும். வாயின் சுற்றளவு அந்த ஒலியின் அலைநீளமான 3.4 மீட்டரை எட்டாவிட்டால், அலையில் ஒரு பகுதி வாயில் மோதி உள்ளேயே திரும்பும், சில சுரங்கள் மட்டும் குடத்துக்குள் பாடுவதாக முழங்கும். 3.4 மீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் ஒரு மீட்டருக்கு மேல். ஒன்றரை சென்டிமீட்டர் தொண்டையில் தொடங்கி அவ்வளவு தூரம் விரிய இரண்டு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். எந்த வீட்டில் இதை வைப்பது? ஜான்சன் 1903-லேயே ஒரு பாதி விடை கண்டிருந்தார். சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் டோன் ஆர்மையே நுனியிலிருந்து மெல்ல அகலும் குழாயாகச் செய்தார், அதாவது கையே குழாயின் முதல் பகுதி. அதற்கு முன் குழாயின் எடையும் முள்ளின் மேல் உட்கார்ந்திருக்கும். இப்போது பெட்டி தாங்கிக்கொண்டது.

மீதி விடைக்கு முன் சவுண்ட் பாக்ஸைப் பார்க்க வேண்டும். உள்ளே மைக்கா தகடு, ஓரத்தில் ரப்பர் வளையம், நடுவில் முள்ளோடு இணைந்த ஒரு சிறு நெம்புகோல். எடையும் விறைப்பும் உள்ள எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வெண் உண்டு. அந்தச் சுருதி பாட்டில் வந்தால் தகடு உற்சாகமாக ஆடும், மற்றவற்றுக்கு முகம் திருப்பும். பழைய கருவிகளின் மூக்கடைத்த குரலுக்கு இந்த ஒத்ததிர்வு பாதிக் காரணம். 1925 வரை இதைச் சரிசெய்தவர்கள் காதை நம்பித்தான் செய்தார்கள். தகட்டைக் கொஞ்சம் மெலிதாக்கு, ரப்பரைக் கொஞ்சம் தளர்த்து, கேட்டுப் பார். ஒரு மேட்டை அமுக்கினால் வேறொரு மேடு எழும்பும்.

அமெரிக்க டெலிபோன் நிறுவனத்தின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜோசப் மேக்ஸ்ஃபீல்டும் ஹென்றி ஹாரிசனும் இதை வேறு கண்ணால் பார்த்தார்கள். நெடுந்தூர டெலிபோன் கம்பியில் பேச்சு மங்காமல் போக, கம்பி நெடுக இடைவெளிவிட்டு மின்சுருள்களை வைக்க வேண்டும் என்று அவர்கள் துறை 1900 வாக்கிலேயே கற்றிருந்தது. சுருள், மின்தேக்கி, சுருள், மின்தேக்கி என்று ஒரு வரிசை. அளவுகளை ஒன்றோடொன்று பொருத்தி, மறுமுனையில் சரியான மின்தடையை வைத்துவிட்டால் ஒரு எல்லைக்குள் இருக்கும் எல்லா அதிர்வெண்களும் சமமாகப் போகும், எதுவும் திரும்பி எதிரொலிக்காது. இதற்கான கணிதம் ஜார்ஜ் கேம்ப்பெல் போன்றவர்கள் கையில் தயாராக இருந்தது.

இயக்கவியலின் சமன்பாடுகளும் மின்சுற்றின் சமன்பாடுகளும் ஒரே அச்சு. எடை எங்கே வருகிறதோ அங்கே மின்சுருளைப் போடலாம், வில் வரும் இடத்தில் மின்தேக்கியை, உராய்வு வரும் இடத்தில் மின்தடையை. எனவே அவர்கள் சவுண்ட் பாக்ஸை ஒரு டெலிபோன் கம்பியாக வரைந்தார்கள். முள் தாங்கியின் எடை ஒரு சுருள். அதன் முனையின் வளைவு ஒரு தேக்கி. தகட்டின் எடை அடுத்த சுருள். தகட்டுக்கு முன்னால் அடைபட்ட சிறு காற்றறை அடுத்த தேக்கி. கடைசியில் குழாய். அடுக்குக்குறிக் குழாய் தன் எல்லைக்கு மேலே கிட்டத்தட்ட வெறும் மின்தடையாகவே நடந்துகொள்ளும், வரிசையின் முடிவுக்கு வேண்டியதும் அதுவே. ஒத்ததிர்வை ஒழிப்பதல்ல அவர்கள் வழி. பல ஒத்ததிர்வுகளைக் கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஆற்றல் எதிலும் தங்காமல் கைமாறிப் போகச் செய்தார்கள். கிராமபோன் வரலாற்றில் இவ்வளவு அழகான யோசனை இன்னொன்று இல்லை.

கணக்கு கேட்டபடி பாகங்களும் மாறின. மைக்கா போய்த் தாளைவிட மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு வந்தது. நடுவில் ஒரே புள்ளியில் தள்ளினால் தகடு கண்டபடி நெளியும் என்பதால், சிலந்திக் கால் வடிவத்தில் ஒரு சிறு சட்டம் அதைப் பல புள்ளிகளில் பிடித்து மொத்தமாக முன்னும் பின்னும் நகர்த்தியது. முள் தாங்கிக்கு ரப்பர் பிடி போய் பால் பேரிங் வந்தது. இரண்டு மீட்டர் குழாயை மரப் பெட்டிக்குள் மடித்து வைத்தார்கள். மடிக்கும் இடத்தில் குழாயின் அகலம் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தால் கீழ்ச்சுருதி அந்த மடிப்பைப் பொருட்படுத்தாது. விக்டர் கம்பெனி 1925 இறுதியில் இதை ‘ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலா’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பெரிய மாடலான கிரெடென்ஸாவின் விலை 275 டாலர்.

கருவி மட்டும் மாறியிருந்தால் பயனில்லை. அதுவரை ஒலிப்பதிவே ஒரு குழாயின் முன்னால் நின்று பாடுவதுதான். பாடகர் உச்சத்தில் போகும்போது பின்னால் நகர வேண்டும், டபுள் பாஸுக்குப் பதில் ட்யூபா ஊத வேண்டும், வயலினுக்குக்கூடக் குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலின். பதிவானது ஏறக்குறைய 170 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை, மூன்றரை ஸ்தாயி. அதே 1925-ல் மைக்கும் வால்வும் கொண்ட மின்பதிவு வந்தது, அதுவும் அதே பெல் ஆய்வுக்கூடத்தின் வேலை. புதிய தட்டும் புதிய பெட்டியும் சேர்ந்தபோது சுமார் 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை ஐந்தரை ஸ்தாயி கிடைத்தது. புதிய தட்டைப் பழைய பெட்டியில் போட்டவர்கள் கரகரக்கிறது என்று புகார் சொன்னார்கள்.

முள் ஓடும் கோணத்தை இங்கிலாந்தில் பெர்சி வில்சன் 1924-ல் சரிசெய்தார். பதிவு ஊசி நேர்கோட்டில் நகர்ந்து வெட்டுகிறது, டோன் ஆர்மோ வில்லாக வீசுகிறது. சவுண்ட் பாக்ஸைக் கொஞ்சம் திருப்பி, முள் தட்டின் மையத்தைச் சற்றுத் தாண்டும்படி வைத்தால் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. இன்றைய வினைல் டர்ன்டேபிள்களின் வளைந்த கைக்கும் இதே கணக்குதான்.

இன்று பழம்பொருள் கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழாயோடு விற்கும் பெட்டிகள் பல புதிதாகச் செய்தவை. அவற்றின் குழாயைக் கண்ணால் அளந்தாலே, கீழ்ச்சுருதி ஏன் வராது என்று சொல்லிவிடலாம்.

இயந்திர கிராமபோன் உச்சத்தைத் தொட்ட அதே 1925-ல் பிரன்ஸ்விக் கம்பெனி பனட்ரோப் என்ற முழு மின்சாரப் பெட்டியை வெளியிட்டது. வால்வு பெருக்கித் தரும்போது பள்ளத்திலிருந்து வரும் துளி ஆற்றலைக் காப்பாற்ற இவ்வளவு பாடு எதற்கு? இங்கிலாந்தில் இ.எம்.ஜி. போன்ற சிறு பட்டறைகள் காகிதக் கூழில் பிரம்மாண்டக் குழாய்கள் செய்து 1930-களிலும் பிடிவாதமாக விற்றன, வாங்குபவர்களும் இருந்தார்கள். ஆனால் குழாயின் கணக்கு வீணாகவில்லை, ஒலிபெருக்கிக்குப் போய்விட்டது. நம் ஊர்த் திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் உள்ளே மடித்த குழாய்தான். அதன் வாய் சுமார் 40 சென்டிமீட்டர், சுற்றளவு ஒன்றேகால் மீட்டர், ஆகவே 270 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கைவிட்டுவிடும். நாதஸ்வரம் நாலு தெருவுக்குக் கேட்கும்போது தவிலின் வலந்தலை மட்டும் சடசடத்து, தொப்பியின் முழக்கம் காணாமல் போவது அதனால்தான்.