முதல் இரவே முட்டையைக் கொட்டாதீர்கள்

"டொக்டர், ஹார்ட் அடிக்கேல்ல, கொட்டிட்டன்." இந்த வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி. அனுப்பிய படத்தில், தொட்டியில் வளர்க்கிற கோடு போட்ட சின்ன மீனான சீப்ரா டேனியோவின் முட்டைகள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. உயிருள்ள முட்டை அப்படித்தான் இருக்கும்.

இந்த மீன் காலை வெளிச்சம் விழுந்ததும் முட்டையிடும். நீங்கள் வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு டோர்ச் அடிக்கிறீர்கள். அப்போது 16 மணித்தியாலம்தான் ஆகியிருக்கும். 28 பாகை செல்சியஸில் இதயம் துடிக்கத் தொடங்கவே 24 மணித்தியாலமளவு வேண்டும். வால் அதற்கு முன்பே, 18 மணித்தியாலமளவில், வெட்டி வெட்டி இழுக்கும். துடிக்கும் இதயமே இல்லாமல் வால் ஆட்டுகிற கருவைச் செத்ததென்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

இதயம் ஓடாவிட்டால் மூச்சில்லை என்பது நம் உடம்புக்குரிய நியாயம். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் முட்டைக்குள் இருக்கிற கருவுக்கு ஒட்சிசன் தோல் வழியே நேரே ஊறிப் போகும். மரபணு விகாரத்தால் இதயம் ஒரு தடவைகூடத் துடிக்காத சீப்ரா டேனியோ குஞ்சுகள் ஆய்வுகூடங்களில் நாட்கணக்கில் உயிரோடிருக்கின்றன. இதயக் குறைபாடுகளை ஆராய்பவர்கள் இந்த மீனை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த புகார்: "துடிக்குது, ஆனா இரத்தம் இல்ல." இருக்கிறது, ஐயா. முதல் இரத்தக் கலங்கள் உடலின் நடுவே, முதுகுநாணுக்குக் கீழே குவிந்து கிடக்கும். இதயம் அப்போது வெறும் குழாய், துடிப்பும் ஒழுங்கற்றது. சற்று நேரத்தில் அந்தக் கலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வால் பக்கம் ஓடி, திரும்பி, மஞ்சள் கருவின் மேலால் உருண்டு இதயத்துக்குள் நுழையும். லென்ஸில் மணி மணியாகத் தெரியும். சிவப்பு நிறம் பிறகுதான் ஏறும்.

ஏசி அறையில் எல்லாமே இன்னும் பிந்தும். அபார்ட்மெண்டிலிருந்து வருகிற அழைப்புகளில் முதலில் அதைத்தான் கேட்பேன்.

வெள்ளையாகி ஒளி புகாமல் போனதுதான் செத்த முட்டை. சொட்டுக் குழாயால் எடுத்து விடுங்கள், பூஞ்சை பரவும். பைப் தண்ணியைக் குளோரின் போக்காமல் ஊற்றாதீர்கள். செப்பு கலந்த மருந்தைத் தொடவே வேண்டாம். கருவின் நெஞ்சில் நீர் கட்டிப் பருத்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது இதயத்தில் உண்மையான கோளாறாக இருக்கலாம்.

சந்தேகமென்றால் இரண்டாம் நாள் மாலை போனில் லென்ஸ் மாட்டிப் பத்துச் செக்கன் வீடியோ எடுத்து அனுப்புங்கள். படம் வேண்டாம், துடிப்பு அதில் தெரியாது. முட்டையிட்ட நேரத்தையும் தண்ணியின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள்.