வேப்பமரத்தடித் தூறல்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி, கோட்டைக்குள் ஒரு வேப்பமர நிழல். கொளுத்துகிற வெயிலில் கையில் இரண்டு துளி விழுந்தது. அண்ணாந்தால் மேகமே இல்லை, காதைத் துளைக்கும் இரைச்சல்தான். பக்கத்தில் கச்சான் விற்ற ஐயா சொன்னார்: "மழையில்ல தம்பி, சில்வண்டு பெய்யுது."

அவர் சொன்னது சரிதான். தவறு பெயரில்தான் இருக்கிறது. வண்டுக்குக் கடித்து மெல்லும் வாயும், ஓடு போன்ற முன்னிறக்கையும் உண்டு. சில்வண்டின் இறக்கையோ கண்ணாடி; வாய் தலைக்கடியில் மடங்கிக் கிடக்கும் ஊசிக்குழாய். இந்த ஊசிவாய்க் கூட்டத்துக்கு ஹெமிப்டெரா என்று பெயர். மூட்டைப்பூச்சி இதன் தூரத்துச் சொந்தம். கந்தளாய், தம்பலகாமம் வயல்காரரின் தலைவலியான கபில நிறத் தத்தி இன்னும் கொஞ்சம் கிட்ட. மிளகாய்ச் செடியின் வெண் ஈயும் அழுக்கணவனும் அதே வம்சம்தான்.

இரத்தம் குடிக்கும் மூட்டைப்பூச்சியை விட்டால், இங்கே சொன்ன எல்லாம் செடிச்சாறு குடிப்பவை. ஆனால் எந்தக் குழாயில் ஊசி போடுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அழுக்கணவன் போடுவது உரியத்தில், அதாவது செடி தன் உணவைக் கொண்டுபோகும் குழாயில். அங்கே சீனிச்சாறு அழுத்தத்தோடு ஓடுவதால் தானாகவே வாய்க்குள் ஏறும். மிஞ்சிய சீனி பின்னால் சொட்டும், எறும்பு வரும். தத்தியும் உரியக்காரன்தான், அது பெருகினால் நெல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோல் காயும்.

சில்வண்டு பிடித்தது காழ். வேரிலிருந்து இலைகள் இழுத்துக்கொண்டிருக்கும் நீர் ஓடும் குழாய் அது. அந்த இழுவைக்கு எதிராக உறிஞ்ச வேண்டும். அதற்கான பம்புத் தசைகள் இருப்பதால்தான் அதன் முகம் வரிவரியாகப் புடைத்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அதில் இல்லாத அமினோ அமிலங்களை உடலுக்குள் குடியிருக்கும் பக்டீரியாக்கள் செய்து கொடுக்கின்றன. சத்து குறைவு என்பதால் நிறையக் குடிக்கிறது, நிறைய வெளியே விடுகிறது. என் கையில் விழுந்தது அதுதான்.

குஞ்சுப் பருவத்திலும் இதே சாப்பாடுதான், மண்ணுக்குள் வேரில், ஆண்டுக்கணக்காக. வட அமெரிக்காவில் சில இனங்கள் 13 அல்லது 17 ஆண்டு காத்திருக்கும். 2024இல் அப்படி இரண்டு கூட்டங்கள் ஒரே நேரத்தில் வெளியேறின. அவை அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல்!

அப்புறம் அந்தச் சத்தம். ஆண் மட்டுமே போடும். வயிற்றின் இரு பக்கமும் வரிகளுள்ள மெல்லிய தகடு இருக்கிறது. பால்மா டின் மூடியை அமுக்கினால் 'டக்' என்று உள்ளே போய் வெளியே வருமே, அதேதான், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. வயிறு பெரும்பாலும் காற்று. மத்தளம் மாதிரி ஒலியைப் பெருக்கும்.

அடிமரத்தில் முதுகு பிளந்த வெறுங்கூடு ஒன்று, கால்நகம் இன்னும் பட்டையைப் பிடித்தபடி. அதைப் பார்க்கக் கிட்டப் போனேன். சத்தம் சட்டென்று நின்றது. ஒன்று பறந்தது, போகிற போக்கில் இன்னொரு துளி.