பழைய பைக்கோட டிஸ்க் பிரேக்: ஹோஸ் செய்யுற வேலை வேற, மாஸ்டர் சிலிண்டர் செய்யுற வேலை வேற

ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் (பிரேக் ஆயில் போற, ஸ்டீல் பின்னல் சுத்தின குழாய்) போட்டதும் பிரேக் பவர் ஏறிடுச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அப்புறம் இன்னும் கொஞ்சம் பவர் வேணும்னு எதோ பெரிய பைக்ல இருந்து கழட்டின மாஸ்டர் சிலிண்டர (லீவர் பக்கத்துல இருந்து ஆயில தள்ளுற பாகம்) வாங்கி மாட்டுறாங்க, மாட்டினா லீவர் கட்டையா நிக்குது ஆனா வண்டி முன்ன நின்ன அளவுக்குக் கூட நிக்கல. கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நினைக்குறாங்க. ஏமாத்தல, உள்ள நடக்குற கணக்கே அப்படித்தான். இது புரிஞ்சிட்டா தேவையில்லாத செலவு போகாது, அதவிட முக்கியம், அவசரத்துக்கு லீவர பிடிக்கும்போது வண்டி நிக்கும்.

மொதல்ல பிரஷர். லீவர நாலு விரல்ல 10 கிலோ விசையோட இழுக்குறீங்கன்னு வச்சுக்குவோம். லீவர் ஒரு நெம்புகோல், விரல் இருக்குற இடம் பிவட்ல (லீவர் சுழலுற ஆணி) இருந்து தூரம், மாஸ்டர் பிஸ்டன தள்ளுற இடம் பிவட்டுக்குப் பக்கம், அதனால 10 கிலோ சுமார் 6 மடங்கா, 60 கிலோவா பிஸ்டன் மேல போகுது. அந்த 60 கிலோ எவ்வளவு பரப்பு மேல விழுதோ அதப் பொறுத்துதான் ஆயில்ல பிரஷர். 12.7 மி.மீ. போர் (உள் விட்டம்) உள்ள மாஸ்டர்ல பிஸ்டன் பரப்பு 127 சதுர மி.மீ., அந்தப் பிரஷர் அப்படியே குறையாம டிஸ்க்க கவ்வுற காலிப்பருக்குப் போகுது (பாஸ்கல் விதி, ஸ்கூல்ல படிச்சதுதான்), அங்க 30 மி.மீ. பிஸ்டன் ரெண்டு இருந்தா மொத்தப் பரப்பு 1414 சதுர மி.மீ., அதாவது 11 மடங்கு. 60 கிலோ அங்க 670 கிலோவா, டிஸ்க்க உரசுற பேட அழுத்துது. பத்து கிலோ விரல் விசைல இது!

இப்ப அதே காலிப்பர், அதே விரல், மாஸ்டர் மட்டும் 14 மி.மீ. பண்ணுங்க. பரப்பு 154 ஆயிடுது, பேட் மேல விசை 550 கிலோவா இறங்குது. 19 மி.மீ. போட்டா பரப்பு 284, விசை வெறும் 300 கிலோ. லீவர் விகிதம் எல்லாத்துலயும் ஒன்னுன்னு வச்சுதான் இந்தக் கணக்கு, நிஜத்துல மாஸ்டருக்கு மாஸ்டர் லீவர் கொஞ்சம் மாறும், ஆனா போக்கு இதுதான். மாஸ்டர் பெருசானா பிரேக் குறையும். பெரிய பைக்ல பெரிய மாஸ்டர் இருக்குறது ஏன்னா அங்க முன்னாடி ரெண்டு டிஸ்க், ரெண்டு காலிப்பர், தள்ள வேண்டிய ஆயில் அதிகம். ஒரே டிஸ்க் இருக்குற பழைய வண்டில அத மாட்டினா என்ன ஆகும்னு மேல இருக்குற 300 கிலோவே சொல்லுது.

அப்ப சின்னதா 11 மி.மீ. போட்டு முடிச்சிடலாமேன்னு தோணும். அங்கதான் இன்னொரு பக்கம் இருக்கு. விசை கூடுனா தூரம் கூடும், சும்மா எதுவும் கிடைக்காது. காலிப்பர் பிஸ்டன் வெறும் 0.1 மி.மீ. நகரணும்னா கூட 141 கன மி.மீ. ஆயில் வேணும், அதக் கொடுக்க 12.7 மாஸ்டர் பிஸ்டன் 1.1 மி.மீ. நகரணும், லீவர் நுனி 6 மடங்கு, கிட்டத்தட்ட 7 மி.மீ. நகரணும். 19 மி.மீ.லன்னா 3 மி.மீ. போதும், அதான் கட்டையா தெரியுது. போர் குறையக் குறைய லீவர் உள்ள உள்ள போகும், ஒரு கட்டத்துல கிரிப்ப தொட்டுடும், அதுக்கு மேல பிரஷர் ஏற வழியே இல்ல.

இங்கதான் ஹோஸ் வருது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ள துணி இழை பின்னல் இருந்தாலும் பிரஷர் ஏறும்போது கொஞ்சம் விரியும். நீங்க தள்ளுன ஆயில்ல ஒரு பங்கு காலிப்பருக்குப் போகாம அந்த விரிவுக்குள்ளயே தங்கிடுது, வயசான ஹோஸ்ல இது இன்னும் மோசம். ஒருத்தர லீவர இறுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு ஹோஸ கையால பிடிச்சுப் பாருங்க, ரொம்ப போன ஹோஸ்னா வீங்குறது கைக்கே தெரியும். பிரெய்டட் ஹோஸ்ல உள்ள டெஃப்லான் குழாய், வெளிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல், இது விரியுறது ரொம்பக் கம்மி. ஆனா கவனிங்க, ஹோஸ் மாத்தினதால பிரஷர் கூடல. 10 கிலோவுக்கு முன்ன வந்த அதே பிரஷர்தான் இப்பவும், அத எட்ட லீவர் போற தூரம்தான் குறைஞ்சிருக்கு. பவர் கூடுன மாதிரி தெரியுறது அதனாலதான், முன்னாடி லீவர் கிரிப்புக்குப் பக்கத்துல போய் விரல் மடங்கின நிலைல இழுத்தீங்க, இப்ப விரலுக்கு நல்ல பிடி இருக்கு.

என்னோட அபிப்பிராயம், ஹோஸ் மாத்துறதயும் மாஸ்டர் மாத்துறதயும் ஒரே வேலையா சேர்த்து நினைச்சுத்தான் செய்யணும். ஹோஸ் மிச்சம் பிடிச்சுக் கொடுத்த தூரத்த சின்ன போர் மாஸ்டர்ல செலவு பண்ணுங்க. ரப்பர் ஹோஸோட 14 மி.மீ. மாஸ்டர்ல லீவர் எவ்வளவு உள்ள போச்சோ கிட்டத்தட்ட அதே அளவு பிரெய்டட் ஹோஸோட 12.7ல போகலாம், விசை 20 சதவீதம் அதிகம். வாங்கும்போது மாஸ்டர் பாடியப் பாருங்க, நிறைய மாஸ்டர்ல 14ன்னோ 1/2ன்னோ 5/8ன்னோ வார்ப்புலயே இருக்கும், பின்னது ரெண்டும் இஞ்ச் கணக்கு, 12.7 மி.மீ. அப்புறம் 15.9 மி.மீ.

பழைய வண்டில இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, பல வண்டிக்கு கம்பெனி செட் பண்ணின ஜோடியே இப்ப இருக்காது. 1969ல ஹோண்டா சிபி750 முன்பக்க ஹைட்ராலிக் டிஸ்க்க பெரிய அளவுல விக்குற பைக்குக்குக் கொண்டு வந்தது, ஒரே ஒரு டிஸ்க், அதுக்குப் பொருத்தமான மாஸ்டர். அதுல ரெண்டாவது டிஸ்க் சேர்க்குறவங்க காலிப்பர் பரப்ப ரெட்டிப்பாக்கிட்டு பழைய மாஸ்டரயே வச்சா லீவர் ஆழமா போயிடும். நம்ம ஊர்ல எஸ்கார்ட்ஸ் 1983ல கொண்டு வந்த ராஜ்தூத் 350ல கதை நேர்மாறு, யமஹாவோட மூல வண்டில இருந்த முன் டிஸ்க்க எடுத்துட்டு டிரம் போட்டுட்டாங்க, இன்னிக்கு அதுக்கு டிஸ்க் மாட்டுறவங்க காலிப்பர் ஒரு வண்டில, மாஸ்டர் இன்னொரு வண்டில எடுக்குறாங்க. அங்க கணக்குப் போட வேண்டியது நீங்கதான். ஃப்ளோட்டிங் காலிப்பர்ல பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும், எல்லாத்தோட பரப்பயும் கூட்டுங்க, ரெண்டு பக்கமும் பிஸ்டன் இருக்குற காலிப்பர்னா ஒரு பக்கத்த மட்டும் எடுங்க.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டில ஏபிஎஸ் (வீல் லாக் ஆகாம தடுக்குற அமைப்பு) இல்ல, ஃபோர்க் மெலிசு, டயரும் குறுகல். ரொம்ப சின்ன போர் போட்டு விசைய ஏத்திட்டா மழைல லேசா பிடிச்சாலே முன் வீல் லாக் ஆகும், அது நேரா கீழ போடுற விஷயம். ஒரு படி மட்டும் இறங்குங்க, ஓட்டிப் பாருங்க.

மாட்டுறதுல சில விஷயம். பேஞ்சோ போல்ட் (ஹோஸ் நுனிய மாட்டுற, நடுவுல ஓட்டை உள்ள போல்ட்) மரை இடைவெளி 1.25ஆ 1.0வான்னு பார்த்து வாங்கணும், ரெண்டும் விட்டம் 10 மி.மீ.தான், வெளிய பார்க்க ஒன்னு போலவே இருக்கும், மாத்தி ஏத்தினா அலுமினிய பாடில மரை போயிடும். காப்பர் வாஷர் எப்பவும் புதுசு. ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, ஃபோர்க்க அமுக்கி, தூக்கி, ஹோஸ் எங்கயும் இழுபடாம உரசாம இருக்கான்னு பாருங்க, ஸ்டீல் பின்னல் பெட்ரோல் டேங்க் பெயிண்ட்ட மட்டுமில்ல அலுமினியத்தையே அறுக்கும். ஆயில் டாட் 4 போதும், புதுசுல கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் சேர்ந்தா 155 வரைக்கும் இறங்கும், மலை இறக்கத்துல அந்த வித்தியாசம் தெரியும். டாட் 5 சிலிக்கான், அத இதோட கலக்கவே கூடாது. காத்து மேல ஏறும்ங்கிறதால காலிப்பர் நிப்பிள்ல இருந்து சிரிஞ்ச்ல ஆயில மேல தள்ளி பிளீட் பண்ணினா (உள்ள இருக்குற காத்த வெளியேத்தினா) சீக்கிரம் வேலை முடியும்.

பழைய மாஸ்டர சுத்தம் பண்ணிப் போடுறவங்க ரிசர்வாயர் அடில பாருங்க, ஒரு பெரிய ஓட்டையும் ஊசி முனை அளவுல ஒரு சின்ன ஓட்டையும் இருக்கும். சின்னதுதான் உயிர். லீவர விட்டதும் சூட்டுல விரிஞ்ச ஆயில் அது வழியாத்தான் திரும்பி மேல வரணும். வருஷக்கணக்கா நின்ன வண்டில ஆயில் பிசின் மாதிரி இறுகி இத அடைச்சிருக்கும், அப்ப ஓட ஓட பிரேக் தானா இறுகும், டிஸ்க் நீலமா கருகும், ஆளுங்க காலிப்பர கழட்டிக்கிட்டு இருப்பாங்க. மெல்லிசான கம்பியால குத்தி சுத்தம் பண்ணுங்க, டிரில் பிட் வேணாம், ஓரம் பிசிறடிச்சா சீல கிழிச்சிடும். ஆயில் ஊத்தினப்புறம் மூடியத் திறந்து வச்சு லீவர லேசா தொடுங்க, முதல் ஒன்னு ரெண்டு மி.மீ.லயே ஆயில் பரப்புல சின்னதா ஒரு ஊத்து எழும்பும். எழும்பலன்னா திரும்பக் கழட்டுங்க, அப்படியே ஓட்டாதீங்க.