விலகும் நிறுவனத்தின் காரை வாங்கும் புதிய பந்தய அணிகள்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

பெரிய கார் நிறுவனம் ஒன்று பந்தயக் களத்தை விட்டு விலகுவதாக அறிவித்தவுடன், அதன் தொழிற்கூடத்தில் அடுத்த பருவத்துக்காக ஏறக்குறைய தயாராகிவிட்ட காரின் மீதும் அதை உருவாக்கிய பொறியாளர்கள் மீதும் புதிய அணிகளின் பார்வை விழுவது இயல்பு. பல ஆண்டுகள் உழைத்தும் கோடிக்கணக்கில் செலவிட்டும் பெற வேண்டிய ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று தோன்றும்போது, ஒப்பந்தத்தை ஆற அமரப் படிக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. தொழில்நுட்ப உரிமை மாற்ற ஒப்பந்தங்களை எழுதுவதும் சரிபார்ப்பதும் என் தொழில். இத்தகைய வரைவுகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் குழப்பம் ஒன்றே: கார், அந்தக் காரைப் பற்றிய அறிவு, அந்த அறிவைச் சுமக்கும் ஆட்கள், பந்தயத்தில் பங்கேற்கும் இடம் ஆகிய நான்கும் தனித்தனியே உரிமையாளர்களைக் கொண்டவை. முதலாவதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு நான்கும் கைக்கு வந்துவிட்டதாக வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார்.

இதற்கு ஃபார்முலா ஒன்னின் 2009-2010 குளிர்காலத்தை விடத் தெளிவான சான்று வேறில்லை. எட்டுப் பருவங்கள் ஓடியும் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாத டொயோட்டா, 2009 நவம்பர் 4 அன்று விலகுவதாக அறிவித்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த அதன் பந்தயப் பிரிவு, 2010ஆம் ஆண்டுக்கான டிஎஃப்110 என்ற காரை அதற்குள் பெருமளவு முடித்திருந்தது. செர்பியாவைச் சேர்ந்த தொழிலதிபர் சோரன் ஸ்டெஃபனோவிச்சின் ஸ்டெஃபன் ஜிபி அணி, அந்தக் காரையும் அதற்கான இன்ஜினையும் தொழில்நுட்ப உதவியையும் பெறுவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. காருக்கு எஸ்-01 என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. பருவத்தின் முதல் பந்தயம் நடக்கவிருந்த பஹ்ரைனுக்குச் சரக்குப் பெட்டகம் அனுப்பப்பட்டதாகவும் அணி அறிவித்தது. கார் இருந்தது, இன்ஜின் இருந்தது, ஓட்டுநராக கசுகி நகாஜிமாவின் பெயரும் இருந்தது. பங்கேற்பு அனுமதி மட்டும் இல்லை.

சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ, 2010ஆம் ஆண்டுக்கான புதிய அணிகளை அதற்கு முந்தைய ஆண்டிலேயே தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. டொயோட்டா விட்டுச் சென்ற இடம் பிஎம்டபிள்யூவிடமிருந்து மீட்கப்பட்ட சௌபர் அணிக்குப் போனது. டொயோட்டாவின் காரை வாங்கியவருக்கு டொயோட்டாவின் இடத்தின் மீது எந்த உரிமையும் பிறக்கவில்லை, ஏனெனில் அந்த இடம் டொயோட்டா விற்கக்கூடிய பொருளே அல்ல. தேர்வான அணிகளில் ஒன்றான யுஎஸ்எஃப்1 காரை உருவாக்க முடியாமல் தடுமாறியபோது, அந்தக் காலியிடம் தங்களுக்கு வரும் என்று ஸ்டெஃபன் ஜிபி எதிர்பார்த்தது. 2010 மார்ச் தொடக்கத்தில் எஃப்ஐஏ இறுதிப் பட்டியலை வெளியிட்டபோது, அவ்வளவு தாமதமாக மாற்று அணியைச் சேர்க்க இயலாது என்று கூறி அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டது. இடையில் போர்ச்சுகலின் அல்கார்வே ஓடுதளத்தில் திட்டமிட்ட சோதனை ஓட்டமும் நடக்கவில்லை. அனுமதி பெறாத அணிக்கு டயர் கிடைக்காததே அதற்குக் காரணம். அனுமதி என்ற ஒற்றைத் தாள் இல்லாவிட்டால் அதைச் சார்ந்த மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் என்பதை, ஒப்பந்த மேசையில் அமர்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்கு ஓராண்டு முன்பு ஹோண்டா விலகியபோது நடந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2008 டிசம்பர் 5 அன்று ஹோண்டா விலகலை அறிவித்தது. 2009 மார்ச்சில் அந்த அணியின் தலைவராக இருந்த ராஸ் பிரானும் அவருடைய நிர்வாகக் குழுவினரும் அணியை வாங்கினார்கள். பெயரளவு விலை ஒரு பவுண்டு என்பது எல்லோரும் அறிந்த கதை. அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதிதான் என் போன்றவர்களுக்கு முக்கியமானது: அவர்கள் வாங்கியது காரை அல்ல, காரை வைத்திருந்த நிறுவனத்தை. பங்குகள் கைமாறினவே தவிர நிறுவனம் அப்படியே இருந்தது. ஆகவே வடிவமைப்பு உரிமைகள், இயந்திரங்கள், வேலை ஒப்பந்தங்கள், சப்ளையர் ஒப்பந்தங்கள், பந்தயப் பதிவு என எல்லாமே அதனுடன் சேர்ந்தே வந்தன. எஃப்ஐஏ-வின் ஒப்புதல் அங்கும் தேவைப்பட்டது என்றாலும், அது பெயர் மாற்றத்துக்கான ஒப்புதலாக இருந்தது. அந்த அணி முதல் பந்தயத்தில் முதலிரண்டு இடங்களையும், ஆண்டு முடிவில் இரண்டு சாம்பியன் பட்டங்களையும் வென்றது. அதே நேரத்தில் நிறுவனத்தை வாங்குபவர் அதன் கடன்களையும் ஆட்குறைப்புச் சுமையையும் சேர்த்தே வாங்குகிறார். பிரான் அணியும் அதே ஆண்டு நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து விடுவிக்க நேர்ந்தது. முதல் ஆண்டுச் செலவில் பெரும்பகுதியை ஹோண்டாவே ஏற்றிருக்காவிட்டால், ஒரு பவுண்டு என்ற விலை மலிவாக இருந்திருக்காது.

சொத்தை வாங்குவதா, நிறுவனத்தை வாங்குவதா என்ற இந்தக் கேள்விதான் முதலில் தீர்க்கப்பட வேண்டியது. பல அணிகள் இதைக் கடைசியாகத்தான் கேட்கின்றன.

அடுத்து, “வடிவமைப்பு முழுவதும் மாற்றித் தரப்படும்” என்ற வரி. வரைவுகளில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஏதேனும் ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய எல்லாவற்றையும் காட்டச் சொல்வேன். முன்சக்கரத்தைக் காரின் உடற்கூடான சேஸியுடன் இணைக்கும் கார்பன் ஃபைபர் விஷ்போனை எடுத்துக்கொள்வோம். கணினிக் கோப்பில் அதன் உருவம் இருக்கும். எத்தனை அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கிலும் இழை எந்தக் கோணத்தில் படிய வேண்டும், அழுத்த உலையான ஆட்டோகிளேவில் எந்த வெப்பத்தில் எந்த அழுத்தத்தில் எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பவை வேறொரு ஆவணத்தில் இருக்கும். அச்சு வெளியே ஒரு சப்ளையரின் கிடங்கில் இருக்கும், அதற்கான கடைசித் தவணை செலுத்தப்படாமலும் இருக்கலாம். உலோக முனையை ஒட்டும் பசையின் விவரக்குறிப்பு பசை தயாரிப்பாளருக்கும் பழைய நிறுவனத்துக்கும் இடையிலான ரகசிய ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கும். எவ்வளவு சுமையில் அது முறிந்தது என்ற சோதனை அறிக்கை பரிசோதனைக்கூடத்தின் கணினியில் இருக்கும். ஒரு பாகத்துக்கே இத்தனை என்றால், ஆயிரக்கணக்கான பாகங்களைக் கொண்ட காருக்கு இணைப்புப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் வரும் வரைவுகளில் அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் நான் மகிழ்ச்சி அடைவேன்.

மென்பொருளும் இதே வகைதான். ஓட்டத்தைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் நிரல்களும் காரின் மீது காற்றுப் பாய்வதைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தின் அளவீடுகளைத் திருத்தும் நிரல்களும் விலகும் நிறுவனத்தின் சொந்த ஆக்கமாக இருந்தால் அவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும். வெளியாரிடம் பெற்றவையாக இருந்தால், அந்த உரிமம் பிறருக்கு மாற்றத்தக்கதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

காரின் பின்பகுதி இன்ஜினைப் பொறுத்தே வடிவம் பெறுகிறது என்பதையும் வாங்குபவர் உணர வேண்டும். பிரான் அணி வென்ற காரே இதற்குச் சாட்சி. ஹோண்டா இன்ஜினுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் காரில் மெர்சிடிஸ் இன்ஜினைப் பொருத்துவதற்காகச் சேஸியின் பின்பகுதியை வெட்ட வேண்டியிருந்தது. கியர்பாக்ஸை உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் சில வாரங்களில் செய்து முடிக்க, அதே காரை ஓராண்டுக்கு மேல் வரைந்த அதே ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். வரைபடங்களை மட்டும் வாங்கிய அணிக்கு இது எளிதில் வாய்க்காது.

ஆட்களைப் பற்றிய பிரிவில்தான் மிக ஆபத்தான வாசகங்களைப் பார்க்கிறேன். “விற்பவர் பின்வரும் பொறியாளர்களை வாங்குபவருக்கு மாற்றித் தருவார்” என்று எழுதிவிடுகிறார்கள். பொறியாளர் என்ன, கியர்பாக்ஸா மாற்றித் தருவதற்கு? தொழில் அல்லது அதன் ஒரு பிரிவு முழுமையாகக் கைமாறும்போது, ஜெர்மனியில் குடிமைச் சட்டத்தின் 613ஏ பிரிவும், பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் டியூபி எனப்படும் பணியாளர் பாதுகாப்பு விதிகளும் பணியாளர்களின் ஒப்பந்தங்களைப் பழைய ஊதியம், பணிக்காலம் ஆகியவற்றோடு புதிய முதலாளிக்குத் தாமாகவே கொண்டு சேர்க்கின்றன. வேண்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுக்க நினைத்த அணிக்கு, வேண்டாதவர்களின் பொறுப்பும் வந்து சேரும் வழி இது. மறுபுறம், மாற விரும்பாத பணியாளர் மறுக்கவும் அதே சட்டங்கள் இடம் தருகின்றன. ஆகவே விற்பவர் எழுதித் தரும் பெயர்ப் பட்டியல், அந்தப் பெயர்களுக்குரியவர்களைக் கட்டுப்படுத்தாது.

தனியாக ஒருவரை அழைத்து வேலைக்குச் சேர்ப்பதானால் வேறு கணக்கு. உயர்நிலைப் பொறியாளர்களின் ஒப்பந்தங்களில், விலகிய பின் சில மாதங்கள் போட்டி அணியில் சேரக் கூடாது என்ற கட்டுப்பாடு வழக்கமாக இருக்கும். ஜெர்மானியச் சட்டத்தில் அத்தகைய தடை செல்லுபடியாக வேண்டுமானால், தடைக்காலம் முழுவதும் கடைசியாகப் பெற்றதில் குறைந்தது பாதியை இழப்பீடாகத் தர வேண்டும். தடை இரண்டாண்டுகளைத் தாண்டக் கூடாது. விலகும் நிறுவனம் பந்தயத்தில் இல்லையே, அது ஏன் தடுக்கப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. டொயோட்டாவின் கொலோன் பிரிவு மூடப்படவில்லை. அது தன் காற்றுச் சுரங்கங்களைப் பிற அணிகளுக்கு வாடகைக்கு விட்டது; 2012இல் பிரான்ஸின் லே மான் நீண்டநேரப் பந்தயத்துக்கு டிஎஸ்030 காருடன் திரும்பியது. ஒரு பந்தயத் தொடரை விட்டு விலகிய நிறுவனம் தொழிலையே விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆட்களோடு அறிவும் வரும், அறிவோடு வழக்கும் வரும். 1977 இறுதியில் ஷேடோ அணியிலிருந்து வெளியேறிய சிலர் ஏரோஸ் அணியைத் தொடங்கினார்கள். வடிவமைப்பாளர் டோனி சௌத்கேட் மிகக் குறுகிய காலத்தில் எஃப்ஏ1 காரை வரைந்து முடித்தார். 1978 தொடக்கத்திலேயே அது பந்தயத்தில் ஓடியது. அது தங்கள் டிஎன்9 காரின் நகல் என்று ஷேடோ வழக்குத் தொடுத்தது. லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்று, 1978 ஜூலை இறுதியில் எஃப்ஏ1 ஓடத் தடை விதித்தது. இரண்டு கார்களையும் வரைந்தவர் ஒருவரே. ஆனாலும் முதல் காரின் வரைபடங்கள் அவர் பணியாற்றிய அணியின் சொத்து. தோல்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து ஏ1 என்ற புதிய காரை ஏரோஸ் தயாரித்து வைத்திருந்ததால்தான் அந்தப் பருவத்தை முடிக்க முடிந்தது. பொறியாளரின் திறமையை வேலைக்கு எடுக்கலாம், அவர் கையில் கொண்டுவரும் கோப்பை எடுக்கக் கூடாது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் பழைய முதலாளியின் ஆவணம் எதுவும் தன்னிடம் இல்லை என்று எழுத்தில் உறுதி பெறுவது, நான் எந்த அணிக்கும் சொல்லும் முதல் வேலை.

காருக்கு ஆயுளும் உண்டு. 2010இல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டதால், முழுத் தூரத்துக்கும் போதுமான பெரிய தொட்டியைச் சுற்றிக் காரையே புதிதாக வரைய நேர்ந்தது. எனவே 2009ஆம் ஆண்டின் டொயோட்டா கார் அடுத்த ஆண்டுக்குப் பயன்படாது. காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்புறம் வெளியேற்றிக் காரைத் தரையோடு அழுத்தும் இரட்டை டிஃப்யூசர் 2011இல் தடைசெய்யப்பட்டதால், டிஎஃப்110இன் பின்புறக் காற்றியக்க வேலையும் ஒரு பருவத்துக்குத்தான் மதிப்புள்ளதாக இருந்தது. பழைய டிஎஃப்109 காரை 2010இல் பைரெல்லி நிறுவனம் டயர் சோதனைக்குப் பயன்படுத்தியது. போட்டியில் ஓட முடியாத காருக்கு நியாயமான வேலை அது. இவற்றைப் பார்க்கும்போது, ஒப்பந்த விலையை மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கெழுதும் நிதி அறிக்கைகளை எப்படி நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தவர் காரில் வென்றவர்களே இல்லையா என்றால், உண்டு. 1995இல் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்துக்குச் சற்று முன் விதி மாறியதால் போர்ஷே கைவிட்ட டபிள்யூஎஸ்சி-95 என்ற காரை யோஸ்ட் அணி எடுத்து ஓட்டி, 1996இலும் 1997இலும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அந்தக் காரின் உடற்கூடே 1991ஆம் ஆண்டின் ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-14இலிருந்து வந்தது. ஆனால் யோஸ்ட் புதிய அணி அல்ல. போர்ஷே 956 காரில் 1984, 1985 ஆகிய ஆண்டுகளிலேயே லே மானை வென்ற அணி. வேறொருவருடைய காரில் போட்டியிடுவதை அந்தப் பந்தயத்தின் விதிகளும் தடுக்கவில்லை. ஃபார்முலா ஒன்னில் அணி தன் காரின் உருவாக்குநராகவும் இருக்க வேண்டும். 1992இல் ஆண்ட்ரியா மோடா அணி கொலோனி அணியின் பழைய காருடன் வந்து முதல் பந்தயத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டது. பிறகு பிஎம்டபிள்யூவுக்காக சிம்டெக் என்ற வடிவமைப்பு நிறுவனம் முன்பு தயாரித்து, பயன்படாமல் கிடந்த வடிவமைப்பை வாங்கி அவசரமாகக் கார் கட்டியது. அந்த ஆண்டு ஒரேயொரு பந்தயத்துக்கு, மொனாக்கோவுக்கு, மட்டுமே அதன் ஓட்டுநர் ராபர்ட்டோ மொரேனோவால் தகுதி பெற முடிந்தது. பருவம் முடிவதற்குள் அணியே வெளியேற்றப்பட்டது.

ஆகவே பணம் செலுத்தும் வரிசையைத்தான் ஒப்பந்தத்தில் முதலில் திருத்துகிறேன். பங்கேற்பு அனுமதி எழுத்தில் கிடைப்பது முன்நிபந்தனையாக வேண்டும். கிடைக்காவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது எண்ணாக எழுதப்பட வேண்டும். உரிமம் எந்தப் பருவத்துக்கு, பாகங்களை மாற்றி அமைக்கும் உரிமை உண்டா, மாற்றியதன் உரிமை யாருக்கு என்பவை தனித்தனிப் பிரிவுகளாக வர வேண்டும். விற்பவரும் தன் பக்கத்தைக் காத்துக்கொள்வார். ஸ்டெஃபன் ஜிபி முயற்சி தோற்ற அதே 2010இல், எச்ஆர்டி அணி 2011ஆம் ஆண்டுக்காக டிஎஃப்110இன் தொழில்நுட்பத்தைப் பெற டொயோட்டாவின் கொலோன் பிரிவுடன் உடன்பாடு செய்தது. எச்ஆர்டியிடம் பங்கேற்பு அனுமதி இருந்தது. ஆனாலும் ஒப்பந்தக் கடமைகள் நிறைவேற்றப்படவில்லை என்று கூறி, ஆண்டு முடிவதற்குள் டொயோட்டா தரப்பே அதை முறித்துக்கொண்டது.