எல்லா ஹிஸ்டோனும் ஒன்றல்ல, பிள்ளைகளே

சென்ற வாரம் மட்டக்களப்பில் இன்னொரு மாணவர் என்னிடம் வந்தார். இந்த வருடத்தில் நான்காவது ஆள். கையில் மூன்று மாத அளவீடுகள். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்களான ஹிஸ்டோன்களில் மெதைல் குறி இடும் டொட்1எல் நொதியத்தை ஏதோ ஒரு மூலிகைச் சாறு அடியோடு முடக்கிவிட்டதாம். ஆய்வறிக்கைக்குத் தலைப்புக்கூட வைத்தாயிற்று. "சாறு விடாத குழாயில் எவ்வளவு வந்தது?" என்று கேட்டேன். பதில் இல்லை. அன்று பின்னேரமே செய்து பார்த்தோம். அதிலும் பூச்சியம்தான்.

சாறு பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. நொதியத்துக்குப் பரிமாறிய சாப்பாடுதான் பிழை. எச்3 என்ற ஹிஸ்டோனைத் தனியாக வாங்கி விட்டிருந்தார். டொட்1எல் எச்3இன் 79ஆவது அமினோ அமிலமான லைசீனில் மெதைல் சேர்க்கும். ஆனால் அந்த எச்3 நியூக்ளியோசோமுக்குள் இருக்க வேண்டும்.

"ஹிஸ்டோன் ஹிஸ்டோன்தானே சேர்?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இல்லை ஐயா. தனி ஹிஸ்டோன் ஒன்று. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக எட்டும் கூடிய ஒக்டமர் வேறொன்று. அந்த ஒக்டமரை 147 மூலச் சோடி நீள டிஎன்ஏ ஏறத்தாழ 1.65 தடவை சுற்றிக்கொண்டால்தான் அது நியூக்ளியோசோம். தென்னோலையை அள்ளிக் கூரையில் போட்டுவிட்டுக் கிடுகு வேய்ந்தேன் என்பீர்களா? ஜி9ஏ போன்ற நொதியங்கள் புரதத்தின் சிறு துண்டான பெப்டைட்டையும் ஏற்றுக்கொள்ளும். அதைப் பார்த்துப் பழகியதால் வந்த மயக்கம் இது.

மலிவு என்று கன்றின் தைமஸ் சுரப்பியில் எடுத்த ஹிஸ்டோனை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் மாடே மெதைல் போன்ற குறிகளை இட்டுத்தான் அனுப்பியிருக்கும். ஈ.கோலை பற்றீரியாவில் வளர்த்தெடுத்ததில் அந்தக் குறிகள் இருக்காது. நொதியம் புதிதாக எழுதியதை வாசிக்க வேண்டுமானால் பலகை வெறுமையாக இருக்க வேண்டாமா?

ஒக்டமர் 2 மோலார் உப்பில்தான் கட்டுக்குலையாமல் நிற்கும். உப்புக் குறைந்த தாங்கற் கரைசலில் ஐதாக்கினால் எச்3-எச்4 ஒரு பக்கமும் எச்2ஏ-எச்2பி மறுபக்கமுமாகப் பிரிந்துவிடும். அதே குறைந்த உப்பில் டிஎன்ஏயையும் நேரே கலந்தீர்களானால் குழாய் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கும். கலங்கியதை வீசுங்கள், அளவீடு எடுக்காதீர்கள். நியூக்ளியோசோம் செய்ய உப்பைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பிறகு கட்டைக் குலைக்காத இயல்நிலை ஜெல் ஒன்று ஓட்டுங்கள். கட்டப்படாத டிஎன்ஏ முந்திக்கொண்டு கீழே இறங்கி நிற்கும்.

வாங்கிய புரதம் வந்தவுடன் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து வையுங்கள். உருகிய மீனை மறுபடி ஐஸில் போட்டு விற்றால் நம்மூர்ச் சந்தையில் ஒருவரும் வாங்கமாட்டார். புரதத்தை மட்டும் ஏழு தடவை உருக்கி உறைய வைக்கிறீர்கள். எந்த வெப்பநிலையில் வைப்பது என்று போத்தலோடு வரும் தாளில் இருக்கிறது, தயவுசெய்து வாசியுங்கள்.

இன்னொன்று. பெட்டி கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து சேரும்படி ஓடர் போடாதீர்கள். ஐஸ் தண்ணீரான பிறகு திங்கள் காலை என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை.