பல்லண்டம்

யூனிவர்ஸ் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘ஒன்றாகத் திருப்பப்பட்டது’ என்று பொருள். ‘யூனுஸ்’ என்றால் ஒன்று. இருப்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அப்புறம் இரண்டாவது யூனிவர்ஸ் எங்கிருந்து வரும்? ‘யூனி’யை வெட்டிவிட்டு ‘மல்டி’யை ஒட்டினார்கள், பல யூனிவர்ஸ்களைக் குறிக்கும் மல்டிவெர்ஸ் பிறந்தது. கொஞ்சம் முரட்டு வேலைதான்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1895இல் ஓர் உரையில் இச்சொல்லைக் கையாண்டார். அவர் பேசியது வானியல் அல்ல. இயற்கைக்கு நல்லது கெட்டது தெரியாது, அதில் ஒரே அறநெறி ஓடவில்லை என்று சொல்ல வந்தார். இயற்பியலாளர்கள் இதை எடுத்துக்கொண்டது வெகுகாலம் கழித்து.

தமிழில் இந்த இடறலே இல்லை. அண்டம் என்றால் முட்டை. முட்டைகள் பல இருப்பதில் யாருக்கு என்ன வியப்பு? ஒவ்வொன்றுக்கும் தனி ஓடு, உள்ளே தனிக் கரு. ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று திருவாசகம் அண்டங்களை எண்ணுகிறது. கந்தபுராணத்துச் சூரபத்மன் ஆண்டது 1008 அண்டங்களை. இதைக் காட்டி ‘நாம் அன்றே சொன்னோம்’ என்று கிளம்ப வேண்டாம், அது இயற்பியல் அல்ல. ஆனால் அண்டத்தைப் பன்மையில் சொல்வது தமிழுக்குப் பழகிய ஒன்று.

அதனால் மல்டிவெர்ஸுக்குத் தமிழில் பல் + அண்டம் = பல்லண்டம் என்பதே என் தேர்வு. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். ‘பன்முகப் பிரபஞ்சம்’ என்பது தவறு. அது பல முகம் கொண்ட ஒரே பிரபஞ்சம். அண்டம் வடசொல் என்று சிலர் உலகைக் குறிக்கும் ‘புடவி’யைக் கொண்டுவருவார்கள். புடவியும் பிருதிவி என்ற வடசொல்லின் பிராகிருத வடிவிலிருந்து வந்ததுதான், சரி விடுங்கள். ‘இணையுலகம்’ வேறு: அங்கே பெரும்பாலும் விதிகள் இதே விதிகள், நிகழ்வுகள்தான் வேறு. ஒரு குவாண்டம் நிகழ்வின் எல்லா முடிவுகளும் தனித்தனி உலகங்களில் நடக்கின்றன என்று இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த விளக்கம் அந்த வகை.

விதிகளே வேறுபடும் பல்லண்டத்தைக் கதைக்காக அமைப்பவர், ஒன்றை மாற்றினால் எதெல்லாம் சரியும் என்று பார்க்க வேண்டும். நம் வெளிக்கு மூன்று பரிமாணம். தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும். நான்கு பரிமாண வெளியில் எட்டில் ஒன்றாகிவிடும். அங்கே கோள்களுக்கு நிலையான சுற்றுப்பாதை கிடையாது என்று இயற்பியலாளர் பால் எரன்ஃபெஸ்ட் 1917இல் காட்டினார். சிறு தள்ளல் போதும், கோள் சூரியனுக்குள் விழும் அல்லது விலகி ஓடும். ஆக, நான்கு பரிமாண அண்டத்தில் நாயகனை விடியலில் எழுப்புவதற்கு முன், விடியல் எப்படி வரும் என்று ஆசிரியர் யோசித்தாக வேண்டும். ஒரு பரிமாணம் கூட்டியதற்கே இத்தனை.

இன்னொரு சொல்லும் இங்கே இடிக்கிறது: மாறிலி. ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி என்று பள்ளியில் படித்தோமே, அது. மாறாதது என்று பெயர் வைத்துவிட்டு, பக்கத்து அண்டத்தில் அது மாறும் என்றால் வாசகர் சிரிப்பார். ஓர் அண்டத்துக்குள் மாறாது, அண்டத்துக்கு அண்டம் மாறும் என்பதால் நான் ‘அண்டமாறிலி’ என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்கிறேன்.