உப்பு நீரின் மேல் மிதக்கும் நன்னீர்: யாழ்ப்பாணக் கிணறுகளின் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரியில் ஓடிவிட்டுக் கோடையில் வற்றிவிடும். மலை இல்லை, சுற்றிலும் கடலும் கடனீரேரியும்தான். அப்படியிருந்தும் கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் தலைமுறை தலைமுறையாக விளைகின்றன. எல்லாம் கிணற்று நீர். அந்தக் கிணற்று நீர் முழுவதும் குடாநாட்டின் மேலேயே பெய்த மழை. வெளியிலிருந்து பூமிக்கடியால் எந்த ஆறும் இங்கே வருவதில்லை.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். ஒரு பங்கு ஆவியாகிறது, ஒரு பங்கு வெள்ளமாய்க் கடலுக்குப் போகிறது. மிச்சம் மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லைத் தொடுகிறது.

அந்தக் கல்தான் நமது நீர்த்தொட்டி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்பை அரித்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. இன்றும் அரிக்கிறது. தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அது கரைந்து வந்த அந்தக் கல்தான். சூட்டில் வாயு வெளியேறியதும் சுண்ணாம்பால் கரைந்த நிலையில் இருக்க முடியாது. மறுபடி கல்லாகிவிடுகிறது.

சரி, சுற்றிலும் கடல் இருக்கும்போது அதே வெடிப்புகளுக்குள் கடல் நீர் வராதா? வரும், வந்துதான் இருக்கிறது. கடல் நீர் நன்னீரை விட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனமானது. அதனால் நன்னீர் அதன் மேலே மிதக்கிறது. 40 அடி உயரக் கடல் நீரின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க 41 அடி உயர நன்னீர் வேண்டும். அதாவது, கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கலாம். நெதர்லாந்தின் பாடோன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. நிலத்தடியில் இந்த நன்னீர், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த இட்லி வடிவில் கிடக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று பகுதிக்கொன்றாக இந்த நீர்ப்படைகள் தனித்தனியே இருக்கின்றன. இரு நீரும் சேரும் இடம் கோடு கிழித்ததுபோல இருக்காது. நடுவே ஒரு கலப்பு வலயம் உண்டு. வெடிப்பு நிறைந்த பாறையில் கணக்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் நிலாவரைக்குப் போகலாம். சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்து திறந்த கிணறு அது. மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். கீரிமலைக் கேணியில் இதன் மறுபக்கம் தெரியும். நிலத்தடி நன்னீர் கடலை நோக்கி நகர்ந்து, கரையோரம் ஊற்றாய் வெளிவருகிறது.

இனி அந்த 1க்கு 40 கணக்கைத் திருப்பிப் பாருங்கள். கிணற்றில் நீர்மட்டத்தை 1 அடி இறக்கி, அப்படியே இறக்கி வைத்திருந்தால், அடியிலுள்ள உப்பு நீர் 40 அடி வரை மேலேறப் பார்க்கும். துலாவால், அதாவது கிணற்று ஏற்றத்தால், இறைத்த காலத்தில் இதற்கு இயல்பாகவே ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் நீர் மொள்ளும் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். மனித உடம்புக்கு முடிந்த அளவுதான் நீர் வரும். அதற்குள் பக்கத்துப் பாறையிலிருந்து ஊறி மட்டம் சமமாகிவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் மெஷின் வந்தது, மின்மோட்டார் வந்தது. ஒரே மூச்சில் கிணற்றை வற்றடிக்க முடிந்தது. கிணற்றுக்கு நேர் கீழே உவர் நீர் கூம்பாக எழும்பி வர, ஒரு கோடையில் தண்ணீர் சவர்க்கும், மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகும். இறைப்பதை நிறுத்தினால் உப்பு உடனே இறங்கிவிடாது. கலந்த உப்பைக் கீழே தள்ள மாரி மழை வர வேண்டும், சிலவேளை ஒரு மாரி போதாது.

ஆகவே ஆழமான குழாய்க்கிணற்றை விட, ஆழம் குறைந்த அகன்ற கிணறு இங்கே நல்லது. ஒரே தடவையில் வற்றடிப்பதை விட, விட்டுவிட்டு இறைப்பது நல்லது. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருப்பதற்கும் இதே கணக்கில் இடமுண்டு. அவை வெள்ளத்தைத் தடுத்து நிலத்துக்குள் இறக்குகின்றன. குளத்தைக் குப்பை போட்டு நிரப்பிக் கடை கட்டும்போது, பக்கத்துக் கிணறுகளின் மேலேயுள்ள அந்த 1 அடியைத்தான் அழிக்கிறோம். எனக்கு இது மிகவும் வேதனை தரும் விஷயம்.

தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளும் இதே நோக்கத்தில் எழுந்தவை. கடல் நீர் கடனீரேரிக்குள் வராமல் மறித்து, மழை வெள்ளத்தால் அதை மெல்ல மெல்ல நன்னீராக்குவது எண்ணம். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் இதை விரித்து, குடாநாட்டுக்குத் தெற்கே வன்னியில் ஓடும் கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி வடமராட்சிக்குத் திருப்பலாம் என்று திட்டம் தந்தார். அது இன்னும் முழுமையடையவில்லை. அணைக் கதவு ஒழுகினால் ஒரு மாரியில் சேர்ந்த நன்னீர் அந்தக் கோடைக்குள்ளேயே உவராகிவிடும். கதவைப் பராமரிக்கும் செலவை வீண் என்று யாரும் நினைக்கக் கூடாது.

உப்பைத் தவிர இன்னொரு கவலை நைட்ரேட். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும், வளவுக்குள் இருக்கும் மலசலகூடக் குழியும் அதைத் தருகின்றன. வெடிப்புள்ள சுண்ணாம்பு நீரை வேகமாய் வடியவிடுமே ஒழிய, வடிகட்டித் தராது. குடிநீரில் லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதைத் தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குழந்தை இருக்கும் வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பால்மா கரைப்பது நல்லது.